வெறும் போசி

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஆஸ்பத்திரி ஃபைல் வைத்த மஞ்சள் துணிப்பை தொங்கும். பையோடு சேர்ந்து ஒரு சின்னத் தூக்குப்போசியும் தொங்கும். எவர்சில்வர் போசி, இரண்டு டம்ளர் பிடிக்கும். மூடி ஒரு பக்கம் நெளிந்திருப்பதால் அழுத்தித்தான் மூட வேண்டும். நேற்று வரை ஏழு வருடமாக அதில் ஒரு சொட்டு எதையும் நான் ஊற்றியதில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழுவித் துடைத்து வெறுமனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோவேன், வெறுமனே கொண்டுவருவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே குழம்பு இருக்கிறது என்று நினைத்துச் சேலையை ஒதுக்கிக்கொள்வார்கள். நானும் ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது ஈரோடு தாண்டுவதற்குள் முடிகிற கதை இல்லை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயசு மூத்தவர். கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் ஒரே ஒரு பெட்டியோடு கொடுமுடி ஸ்டேஷனில் இறங்கி நான் திரும்பி வந்த நாளில், என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, "கை களுவு அம்மணி, சோறு ஆறுது" என்றார். அன்றிலிருந்து அது என் வீடு. அண்ணனுக்கு நாலு தறி. விசைத்தறிச் சத்தத்தில் அவர் பேசுவதே குறைவு, பேசினால் கோபமாகத்தான் வரும். நான் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவேன், சமைப்பேன். நங்கை தறியும் பார்ப்பார், தோட்டத்தில் மஞ்சளும் பார்ப்பார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். பயந்த சுபாவம் வேறு. ராட்டை சுற்றும்போது இழை அறுந்தால்கூட நெஞ்சு திக்கென்கும். "உன்னய மாதிரி ஒருத்தி இருந்தா ஊட்டுக்கு நாய் வேண்டாம், எல சருகு அசைஞ்சாலும் நீயே கத்திருவே" என்று நங்கை சிரிப்பார்.

அவருக்குத்தான் அது வந்தது. சோர்வு என்று ஆரம்பித்தது. பிறகு இடது பக்க விலாவுக்குக் கீழே ஏதோ கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். ஈரோட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் இரண்டாம் தடவை எடுத்தார்கள். ஏதோ தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்தார்களாம். வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியது லட்சக்கணக்கில் இருந்தது. கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்த நோய்க்கென்றே இருந்த டாக்டர், வயசு குறைவானவர்தான், அவசரப்படாமல் பேசினார். இது ரத்தப் புற்றுநோய், ஆனால் மெல்ல நகரும் வகை, மாத்திரையாலேயே கட்டி வைக்கலாம் என்றார். அண்ணன் அதைத் தறி பாஷையில் எனக்குச் சொன்னார்: "ஊடை நூலு அறுந்தா தறி தானா நிக்கோணுமல்ல? இவளுக்கு அந்த நிறுத்தற கம்பி வேலை செய்யறதில்ல. நிக்காம ஓடிட்டே இருக்குது. மாத்திரை போயி அந்த எடத்துல கையைக் குடுத்து நிறுத்துமாம்." அண்ணன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதற்கு முன்னால் எனக்கு நினைவில்லை.

முதல் மாத்திரைக்கு இமாடினிப் என்று பேர். ஒரு நாளைக்கு ஒரு தடவை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பெரிய சொம்புத் தண்ணீரோடு போட வேண்டும், இல்லையென்றால் குமட்டும் என்றார்கள். அதை நான் காலண்டர் அட்டையின் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். சாப்பிட்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா, போட்டீங்களா என்று ஒரு வருடம் அவர் பின்னாலேயே நடந்தேன். எனக்கு அது பிடித்த வேலை. பயத்துக்கு ஒரு கைவேலை கிடைத்தது போல. ஆனால் மாத்திரை அவர் முகத்தை மாற்றியது. காலையில் கண்ணிமை இரண்டும் தேனீ கொட்டியது போல வீங்கியிருக்கும். கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்பார். சொம்புத் தண்ணீர் குடித்தும் வாந்தி நிற்கவில்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் நோயின் அளவைப் பார்ப்பார்கள், அந்த எண் முதலில் இறங்கிவிட்டுப் பாதி வழியில் நின்றுபோனது. அடுத்த தடவையும் அங்கேயே நின்றது.

டாக்டர் இன்னும் இரண்டு மாத்திரைகளைப் பற்றிச் சொன்னார். ஒன்று டாசாடினிப். ஒரு நாளைக்கு ஒன்று போதும், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் சிலருக்கு நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நங்கைக்குக் கல்யாணமான புதிதில் காசநோய் வந்து நெஞ்சில் நீர் எடுத்திருக்கிறார்கள். அதனால் அது வேண்டாம், கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்னொன்று நிலோடினிப். காலையும் மாலையும் போட வேண்டும். போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும், போட்டு ஒரு மணி நேரம் பின்பும் சாப்பிடக் கூடாது. இதயத் துடிப்பை அவ்வப்போது இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். "இந்தம்மாவுக்கு இதுதான் சரி. இது ஒத்துக்கிட்டா கவலை இல்லை. ஒத்துக்கலைன்னா நம்ம கையில மிச்சம் இருக்கறது குறைஞ்சுரும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை பஸ் சக்கரம் அதையே சொல்லிக்கொண்டு வந்தது.

புது மாத்திரை வேலை செய்தது. கண்ணிமை வீக்கம் வடிந்தது, கால் பிடிப்பு போனது. மூன்று மாதத்தில் எண் சரசரவென்று இறங்கியது. அண்ணன் தறிக்கூடத்தில் சீட்டி அடித்ததை அன்றுதான் கேட்டேன். என் பயம் மட்டும் இறங்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகிவிடும் என்று கேட்டு வளர்ந்த உடம்பு என்னுடையது. ஒரு வருடம் "சாப்பிட்டுப் போடுங்க" என்று சொன்ன வாயால் "சாப்பிடாமப் போடுங்க" என்று சொல்ல வரவில்லை. காலை ஆறரைக்கு அவர் சுருங்கிய வயிற்றோடு அந்த மாத்திரையை விழுங்குவதைப் பார்க்கும்போது என் வயிறு எரியும்.

மாத்திரை மாறிய முதல் வாரத்திலேயே எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டில் கிருத்திகை விரதம் உண்டு. விரதம் என்றால் சோறு, பலகாரம் எதுவும் கிடையாது, ஆனால் பால், பழம், இளநீர், தேங்காய்ப்பால் இதெல்லாம் கணக்கில் வராது. சின்ன வயசிலிருந்து அப்படித்தான். டாக்டர் சொன்ன வெறும் வயிறும் அந்த மாதிரிதான் என்று என் மனசு எடுத்துக்கொண்டது. வயிற்றுப் புண்ணுக்குத் தேங்காய்ப்பாலைவிட மருந்து உண்டா? ஒரு மூடித் தேங்காயைத் துருவி, மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, முதல் பாலில் துளி வெல்லமும் ஏலக்காயும் போட்டு மாத்திரைக்கு முன்னால் நீட்டினேன்.

"ஒண்ணும் கூடாதுன்னுதானே சொன்னாங்க?" என்றார் நங்கை.

"கிருத்திகைக்கே குடிக்கறதுதானுங்க நங்கை. வவுத்துக்குக் குளுமை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "செரி குடு. இல்லாட்டி நீ சாயங்காலம் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரிவே."

அப்படியே தினம் இரண்டு வேளை ஆனது. கோயமுத்தூர் போகும் நாட்களில் சாயங்கால மாத்திரைக்கு வழியில் வேண்டுமே என்று அந்தப் போசியில் ஊற்றி எடுத்துப்போவேன்.

நாலாவது மாதம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தார். நான் கத்தியதில் தறி நின்றது. கண் திறந்து, "என்னமோ நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளிப்போட்டு நின்ன மாதிரி இருந்துச்சு" என்றார். அன்றைக்கே கோயமுத்தூர் கிளம்பினோம். அந்த அவசரத்திலும் நான் தேங்காய் துருவினேன். சாயங்காலம் வரும்போது வெறும் வயிறு ஆகிவிடக் கூடாதே என்று.

இசிஜி எடுத்து முடித்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அண்ணன் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எப்போதும் வருகிற பாய் உட்கார்ந்திருந்தார். உக்கடம் பக்கம் பெல்ட்டும் பர்ஸும் தைத்து விற்கிறவர், நங்கைக்கு இருக்கும் அதே நோய். அந்த பெஞ்சில் எல்லாரும் முதலில் கேட்பது ஊர் பேர் இல்லை, "உங்களுக்கு எந்த மாத்திரை?" என்பதுதான்.

"எனக்கு டாசாங்க" என்று என்னிடம் சொன்னார் பாய். "ஒரு நாளைக்கு ஒண்ணு. சாப்டுட்டும் போடலாம், சாப்டாமயும் போடலாம். அடடா, ராஜா மாத்திரைன்னு நெனச்சேன். போன வருசம் நெஞ்சுல தண்ணி கோத்து, முதுகுல ஊசியக் குத்தி ஒரு சொம்பு எடுத்தாங்க. நெஞ்செரிச்சலுக்குக்கூட நாமளா ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுறக் கூடாதாம், இது வேலை செய்யாமப் போயிருமாம். எல்லாத்துலயும் ஒரு கொக்கி வெச்சிருக்கறாங்க தங்கச்சி."

"எங்குளுது வெறும் வயித்துல போடோணுமுங்க" என்றேன்.

"அது எனக்குன்னா சுளுவு. நோன்பு இருந்து பழகின உடம்பு. எச்சில் முளுங்கவே ரோசனை பண்ணுவோம்."

"எங்களுக்கும் விரதம் பழக்கந்தானுங்க. பால், பழம், தேங்காய்ப்பால்னு ஓட்டிப்போடுவோம்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "அட, நல்லா இருக்கே உங்க விரதம்! சாமி நல்லவரு, கண்டுக்காம உட்ருவாரு. வயிறு உடுமா? அதுக்குப் பாலும் ஒண்ணுதான், பிரியாணியும் ஒண்ணுதான்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மடியில் போசி இருந்தது. அதன் மேல் என் இரண்டு கையும் இருந்தன. உள்ளங்கை வேர்த்து எவர்சில்வரில் வழுக்கியது. நாலு மாதம், இரண்டு வேளை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அப்போதுதான் நர்ஸ் நங்கையின் பேரைக் கூப்பிட்டார்.

உள்ளே டாக்டர் இசிஜி காகிதத்தை நீளமாக விரித்து வைத்திருந்தார். ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுவிட்டது, இப்படியே போனால் ஆபத்து என்றார். மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். பிறகு அவர் நங்கையைப் பார்த்து, "சாப்பிடாமத்தானேம்மா போடறீங்க? முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம்?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார். தண்ணி தவிர ஒண்ணும் தொடறதில்லீங்க" என்றார் நங்கை. கண் இமைக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப மாத்திரையே இந்த உடம்புக்கு ஒத்துக்கலை. இவ்வளவு நல்லா வேலை செஞ்சுட்டு இருந்துச்சு…" பேனாவைத் திறந்தார். "டாசாடினிப்தான் பாக்கணும். நெஞ்சுல பழைய பிரச்சனை இருக்கு. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்." எழுத ஆரம்பித்தார்.

பாயின் முதுகில் குத்திய ஊசிதான் என் கண்ணில் நின்றது. பக்கத்தில் அண்ணன். அவர் கோபம் எனக்குத் தெரியும். வேறு போக்கிடம் இல்லாதவளை வெளியே போ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டரின் பேனா இரண்டாவது வரிக்குப் போனது. எட்டாவதோடு நின்றவள் டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்தேன். போசியை அவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே வைத்தேன். நெளிந்த மூடி திறக்க மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்ததில் பட்டென்று திறந்து கொஞ்சம் சிந்தியது. அறை முழுக்க ஏலக்காய் வாசம்.

"என்னம்மா இது?"

"தேங்காய்ப்பாலுங்க சார்" என்றேன். "முதல் பால். மாத்திரைக்கு முன்னால ஒரு டம்ளருங்க. தெனமும் ரெண்டு வேளை. வெரதத்துக்குக் கணக்கில்லைன்னு… நான்தானுங்க குடுத்தேன். அவிய வேண்டாம்னுதான் சொன்னாங்க."

டாக்டர் காகிதத்தில் பரவிய வெள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார். அந்த மூடும் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னார். கொழுப்போடு போனால் இந்த மாத்திரை ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும், ஏறினால் இதயத்தைத்தான் பிடிக்கும் என்று. "நல்லவேளை சொன்னீங்க. இப்ப நிறுத்துவோம். ரத்தத்துல உப்புச் சத்தெல்லாம் பாத்துட்டு, ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப இசிஜி. சரியாயிருந்தா இதே மாத்திரை. ஆகலைன்னா வேற வழி இல்லை." அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. நங்கை என் பக்கத்தில் இருந்தார். பெருந்துறை தாண்டியபோது கேட்டேன், "ஏனுங்க நங்கை, டாக்டர்ட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உள்ள போறப்பவே உன்ற மூஞ்சியப் பாத்தேன். நெசத்தச் சொன்னா உங்கண்ணன் அங்கயே உன்னயக் கொன்னுபோடுவாரு. மாத்திரை போனா இன்னொரு மாத்திரை. நீ போனா எனக்கு ஆரு தேங்கா துருவறது?" சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் ஆடியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இறங்கும்போது அண்ணன் முதல் தடவையாகப் பேசினார். "போசிய மறந்து வெச்சுட்டு வந்துராதே." அவ்வளவுதான். அந்த விஷயத்தில் அதற்கு மேல் அன்றும் இல்லை, என்றும் இல்லை.

அந்த இரண்டு வாரத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. மாத்திரை இல்லாமல் உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு ஒரு பக்கம். அவர் படுத்திருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது ஒரு பக்கம். அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த பழைய அட்டையைக் கிழித்துப் போட்டேன். தார் சுற்றினால் இழை அறுந்தது. நங்கை, "நோவு எனக்கா உனக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் கையிலிருந்து ராட்டையை வாங்கிச் சுற்றினார். பதின்மூன்றாம் நாள் இசிஜி எடுத்தபோது நான் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் கதவைத் திறந்து என்னைத்தான் தேடினார். "அம்மா, தேங்காய்ப்பாலம்மா. உள்ள வாங்க. இதயம் பழையபடி ஆயிருச்சு. அதே மாத்திரை. தண்ணி மட்டும். தண்ணின்னா தண்ணி."

அடுத்த தடவை கிளம்பும்போது நங்கை போசியைக் கழுவி என் கையில் கொடுத்தார். வெறும் போசி எதற்கு என்றேன். "டாக்டர் கேட்டா தொறந்து காட்டோணுமல்ல?" என்றார். உண்மையிலேயே காட்ட வைத்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, உள்ளே விரலை விட்டுத் துடைத்து, "பாஸ்" என்றார். அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. இசிஜி ஒரு பக்கம், போசி ஒரு பக்கம். எண் இறங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மெஷினுக்கே அகப்படவில்லை என்றார்கள். ஏழு வருடம் காலையும் மாலையும் நான் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தினேன். நோம்பி நொடி என்று வரும் பண்டிகை, சொந்தக்காரர் கல்யாணம் எதிலும் பந்திக்குக் கூப்பிட வந்தவர்களிடம், "அவிய இன்னொரு மணி நேரம் களிச்சுத்தானுங்க" என்று நானே குறுக்கே நின்றேன். பேசத் தெரியாதவள் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரிடமும் சொல்வேன்.

போன தடவை டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். இத்தனை வருடம் எண் அகப்படாமலே இருக்கிறது, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று. சிலருக்கு நோய் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். எண் தலைகாட்டினால் உடனே அதே மாத்திரையை ஆரம்பித்துவிடலாம், பெரும்பாலும் அடங்கிவிடும் என்றார். அண்ணன் நங்கையிடம், "உன்ற இஷ்டம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். நன்றாக ஓடுகிற தறியை யாராவது நிறுத்திப் பார்ப்பார்களா? வெறும் வயிற்றைக் கண்டு பயந்தவள் இப்போது மாத்திரை இல்லாத காலையைக் கண்டு பயப்படுகிறேன். நங்கை, "நிறுத்திருங்க சார். அந்த நாளையும் பாத்துப்போடலாம்" என்றார்.

இன்று காலைதான் அது. ஆறரைக்குப் பழக்கத்தில் அலாரம் அடித்தது. மேஜை மேல் மாத்திரைப் பெட்டி இல்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கை தண்ணீர் டம்ளரைப் பிடித்திருந்தது. நங்கை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடி நரைத்துவிட்டது, குரல் நரைக்கவில்லை.

"என்ன அம்மணி, தண்ணியத் தூக்கிட்டு நிக்கறே? தேங்கா இருக்குதா ஊட்டுல?"

டம்ளரை மேஜை மேல் வைத்தேன்.

"இருந்தா துருவு. ஏளு வருசம் ஆச்சு."

துருவினேன். மிக்ஸியில் அடித்தேன். துணியில் பிழிந்ததில் பாதி மேடையில் வழிந்தது. டம்ளரை எடுக்கப் போனவளை நிறுத்தி, "அதுல ஊத்து" என்று கதவுப் பக்கம் கையைக் காட்டினார். ஆணியிலிருந்து போசியை எடுத்தேன். ஊற்றினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதில்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

"வெல்லம் பத்துல" என்றார். உதட்டைத் துடைத்துக்கொண்டு போசியை என்னிடம் நீட்டினார். "அடுத்த மாசம் ரத்தம் குடுக்கப் போறப்ப நெறையா ஊத்திக்க. அந்த டாக்டர் எத்தன வருசமா வெறும் போசிய எட்டிப் பாத்துட்டு இருக்கறாரு, பாவம்."

ரத்தம் கொடுக்க இன்னும் முப்பது நாள் இருக்கிறது. எண் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. போசியின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பதை இன்னும் கழுவாமல் வைத்திருக்கிறேன்.